பதினேழாம் நம்பர் வில்லை

இப்போதெல்லாம் ஆட்கள் கையிலிருக்கிற காசையும் கொடுத்து, உடம்பிலிருக்கிற ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எங்கள் பேகம்பூர் தெருமுனையில் ரத்தம் பார்க்கிற கடை ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். ஜவுளிக்கடை மாதிரி வாசலில் வாழைமரம், பலூன், முதல் நூறு பேருக்குப் பாதி விலை. விடிந்தும் விடியாமல் வெறும் வயிற்றோடு வரிசை நிற்கிறது. என் மகன் இஷாக்கும் போய் நின்றான். எடுத்த ரத்தம் எங்கே போகிறது, மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கேட்டால் ‘எதுக்கு’ என்று கேட்கிற ஜனம், ஊசிக்குக் கையை நீட்டும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை.

நான் அப்படி இல்லை. அப்படி இல்லாததால் செய்த ஒரு காரியம் முப்பத்தொன்பது வருஷமாக எனக்குள் கிடந்தது.

போன மாதம் இஷாக் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவன் திடீரென்று, “அத்தா, நீங்க வேலை பார்த்த தோல் ஷாப்பப் பத்திப் பேப்பர்ல வந்திருக்கு” என்றான்.

“யாரு போட்டது?”

“நம்ம ஊரு அம்மா ஒருத்தவுங்க பேட்டி. டாக்டர் வினோலியா. கிருமி ஆராய்ச்சி பண்ணி ரிட்டையர் ஆயிட்டாங்களாம்.”

பள்ளிக்கூட வாத்தியார் இனிகோ சாருடைய மகள். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். “படி” என்றேன்.

அவன் படித்தான். ஒரு கிருமியை ஒருதரம் சந்தித்த உடம்பு அதை எத்தனை காலம் ஞாபகம் வைத்திருக்கும் என்ற ஒரே கேள்வியைத்தான் அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்கத் துரத்தியிருக்கிறாள். ஜெர்மனியில் மேல்படிப்பு, ஐதராபாத்தில் சொந்தமாக ஒரு ஆராய்ச்சிக்கூடம், அவளிடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினவர்கள் இருபது பேர். இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டதற்கு, ‘திண்டுக்கல் தோல் ஷாப்பில், பதினேழாம் நம்பர் தொழிலாளியிடம்’ என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஆளின் ரத்தத்தில் மூன்று வருஷம் ஏராளமாக இருந்த எதிர்ப்புச் சக்தி, நாலாவது வருஷம் துடைத்து எடுத்த மாதிரி இல்லாமல் போய்விட்டதாம். உடம்பு எப்படி மறந்தது என்று தேடப் புறப்பட்டதுதான் அவள் ஆராய்ச்சி என்று போட்டிருந்தது.

பதினேழாம் நம்பர் நான்தான். என் உடம்பு எதையும் மறக்கவில்லை. முதல் மூன்று வருஷம் அவள் எடுத்தது என் ரத்தமே இல்லை.

அப்போது தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில் நாற்பது பேர் வில்லை வைத்திருந்தோம். பித்தளையில் நம்பர் வெட்டிக் கயிறு கோத்தது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இருந்தால் பதிவு ஆள். இல்லாதவன் அன்றாடக் கூலி. லாரியிலிருந்து உப்புத் தோலை இறக்கித் தோளில் சுமக்கிறவர்கள் ஒருத்தருக்கும் வில்லை கிடையாது. நான் தோல் பிரிக்கிறவன். சதைப் பக்கத்தைத் திருப்பி நரம்பு ஓட்டத்தைப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் அறுத்த மாடு. கறுத்திருந்தால் ரத்தம் வடியாமல் தானாகச் செத்த மாடு, அது தனிக் குவியல். இன்றைக்கு அந்த இடத்தில் டைல்ஸ் குடோன் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் என் மூக்கு தானாக ஒருதரம் இழுத்துப் பார்க்கும். ஆவாரம் பட்டையும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடையை வேறு எங்கேயும் நான் முகர்ந்ததில்லை. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு போன வாடைதான். எனக்கு அது என் வாலிப வயது.

வருஷம் எண்பத்தாறு. மதுரையில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த வினோலியா மே மாத விடுமுறையில் ஷாப்புக்கு வந்தாள். ஒற்றைச் சடை, சைக்கிள், கேரியரில் கட்டிய மரப்பெட்டி. முதலாளி முகமது பாரூக் இனிகோ சாரிடம் படித்தவர், அதனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டார். வில்லை ஆட்களை மட்டும்தான் தொடவேண்டும், சுமை ஆட்கள் பக்கம் போகக்கூடாது. ஒரு காகிதத்தில் அவர்கள் பெயர் ஏறினால் நாளைக்குப் பதிவு கேட்பார்கள் என்று அவருக்குப் பயம்.

அவள் பட்டை மூட்டைமேல் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடிக் கருவியை எடுத்து வைத்தாள். “பாய், வந்து பாருங்க” என்று என்னைத்தான் கூப்பிட்டாள்.

“என்னது?”

“மாட்டைக் கொல்ற அடைப்பான் கிருமி, ஆந்த்ராக்ஸ். சாயம் போட்டுக் கொன்னது, பயப்படாதீங்க.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வெட்டிப் போட்ட ஈர்க்குச்சி மாதிரி நீலமாக நாலைந்து கிடந்தது.

“கண்ணாடியில தூசி ஒட்டியிருக்கு பிள்ள. தொடச்சுட்டு வா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இந்தக் கிருமி விதை மாதிரி தன்னைச் சுருட்டிக்கொள்ளும், உப்பிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் சாகாமல் தோலில் உட்கார்ந்திருக்கும் என்றாள். உப்பில் சாகாத பூச்சி உண்டா என்று நான் நம்பவில்லை. உங்கள் உடம்பு அதோடு சண்டை போட்டிருந்தால் அந்த அடையாளம் ரத்தத்தில் இருக்கும், அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாள். அதையும் நம்பவில்லை.

அது நோன்பு மாதம். ரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்று ஒரு ஹஜ்ரத்திடம் கேட்டோம். முறியாது என்றார். இன்னொரு ஹஜ்ரத், முறியாது, ஆனாலும் தவிர்ப்பது நல்லது என்றார். அந்த ‘ஆனாலும்’ எனக்குப் போதுமாக இருந்தது. முதலாளியோ, கொடுக்காதவன் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நோன்பு பாதிக் காரணம். மீதிப் பாதி ஊசி. சின்ன வயதிலிருந்தே ஊசியைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். இதை என் பெண்டாட்டி நர்கீஸிடம்கூடச் சொன்னதில்லை.

ராயப்பன் சுமை ஆள், மேட்டுப்பட்டி வேதக்காரன். இரண்டு மாட்டுத் தோலை ஒரே தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே போவான். முன்கையில் பெரிதாக ஒரு சிலுவை பச்சை குத்தி, அதற்குக் கீழே அவன் அம்மா பெயர், இஞ்ஞாசியம்மாள் என்று எழுதியிருப்பான். வாயில் எதுவும் நிற்காது. காலையில் அவன் வீட்டில் நடந்த சண்டை மத்தியானத்துக்குள் ஷாப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அவனைச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

“ஏலே ராயப்பா, எனக்குப் பதிலா நீ போய் ரத்தம் குடுத்துட்டு வா. நான் நோன்பு.”

“அட போ பாய். தவக்காலம் முடிஞ்சு இப்பத்தான் கறியப் பாக்குறேன். ஊறுன ரத்தத்தை உனக்குக் குடுக்கவா?”

“எனக்கில்லடா. இனிகோ சார் மகளுக்கு.”

“சரி, என்ன தருவ?”

“என்ன வேணும்?”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். “உங்க பள்ளிவாசல் கஞ்சி. நோன்பு முடியிற வரைக்கும் தெனம் ஒரு தூக்குவாளி.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தானாவா? ஒரு வடையும் சேத்துக்க.”

வில்லையைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டினேன். முடித் தூசிக்குப் பயந்து எல்லாரும் கண்ணுக்குக் கீழே துண்டால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வோம். முகம் தெரியாது. வினோலியா நோட்டில் குனிந்தபடியே “நம்பர்?” என்பாள், சொன்னதை எழுதிக்கொள்வாள், பக்கத்தில் கம்பவுண்டர் குத்துவார். ராயப்பன் போன வேகத்தில் திரும்பி வந்தான். பஞ்சு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டி, “பாய், உன் ரத்தம் நல்ல செவப்பு” என்றான்.

அன்று சாயங்காலத்திலிருந்து பள்ளிவாசல் வரிசையில் என் கையில் இரண்டு தூக்கு. ஒன்று வீட்டுக்கு, ஒன்று அவனுக்கு. ஷாப்பு மதிலோரம் பட்டைக் கட்டுகளின்மேல் அவன் காத்திருப்பான். பாங்கு சொல்கிற வரைக்கும் தூக்கைத் திறக்கமாட்டான். “நீ குடிடா, உனக்கென்ன?” என்றால், “நீ வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கையில எனக்கு எறங்காது பாய்” என்பான். பாங்குச் சத்தம் கேட்டதும் என்னைவிட அவன்தான் முதலில் வாய் வைப்பான். இப்போது கஞ்சியில் கறியெல்லாம் போடுகிறார்கள். என் நாக்குக்கு அது பிடிபடவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் அவள் வந்தாள், மூன்று வருஷம் இப்படியே ஓடியது. மூன்றாவது வருஷம், எண்பத்தெட்டில், அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து ஒரு லாரித் தோல் வந்தது. அங்கே மாடுகள் வரிசையாக விழுந்து செத்திருந்தன. நான் தொட்டதெல்லாம் கறுப்பு நரம்பு. ராயப்பன்தான் சுமந்தான். சில நாளில் அவன் பிடரியில் ஒரு கொப்புளம் கிளம்பி, வலியே இல்லாமல், நடுவில் கரி மாதிரிக் கறுத்தது. சூட்டுக் கட்டி என்று வெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தான். ரத்தம் கொடுக்கிற நாளிலும் அந்தக் கட்டிமேல் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் எனக்காகப் போய்விட்டு வந்தான். அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, “இங்க ராயப்பராஜ் யாரு?” என்றார். ராயப்பராஜ் என்று ஒருத்தன் எங்கள் ஷாப்பில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ராயப்பன்தான் பயந்துகொண்டே கையைத் தூக்கினான். பத்து நாள் படுக்கையில் போட்டுப் பென்சிலின் குத்தி அனுப்பினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார்களாம். அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் இருந்தான். போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அந்த டாக்டரை யார் அனுப்பினார்கள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

நோன்பு வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வரும். எண்பத்தொன்பதில் நோன்புப் பெருநாள் முடிந்த பிறகுதான் வினோலியா வந்தாள். சாக்கு இல்லை. நானே போனேன். “பதினேழு” என்றதும் முதல்தரமாகத் தலையைத் தூக்கினாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இஷாக் அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல், உடம்பு ஏன் மறந்தது, ஏன் மறந்தது என்று ஊர் ஊராகத் தேடியிருக்கிறாள். மறக்கவே இல்லையே, ஆள்தானே மாறினது! சொன்னால் அவள் வாழ்நாள் உழைப்பு மண்ணாகிவிடும். சொல்லாவிட்டால் நான் இதைச் சுமந்துகொண்டு கபருக்குள் போகவேண்டும். அங்கே வானவர்கள் வந்து கேள்வி கேட்டால் என்ன சொல்ல, ஒரு தூக்குக் கஞ்சிக்கு ஆளை மாற்றினேன் என்றா?

மேட்டுப்பட்டியில் இனிகோ சார் வீட்டில்தான் இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு, இஷாக்கிடம் சொல்லாமல் ஷேர் ஆட்டோவில் போனேன். அவளே கதவைத் திறந்தாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். முழங்காலில் வலிக்குப் போடுகிற உறை.

“யாருங்க?”

“தோல் ஷாப்பு. பதினேழாம் நம்பர்.”

ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். “பீர் பாய்! தூசியத் தொடச்சுட்டு வரச் சொன்ன பாய்தான? வாங்க வாங்க. இம்புட்டு வருசமாத் தொடச்சுக்கிட்டேதான் இருந்தேன்.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். “டீக்குச் சீனி போடலாமா? சுகர் இருக்கா?”

“இருக்கான்னு நான் பாக்கல. போடுங்க.”

டீ வந்தது. நான் குடிக்கவில்லை. “டாக்டரம்மா, உங்க ஆராய்ச்சி தப்பு” என்றேன்.

“எது பாய்?”

“எல்லாந்தான். மொத மூணு வருசம் நீங்க எடுத்தது என் ரத்தம் இல்ல. சுமை ஆள் ராயப்பன் ரத்தம். நான் நோன்புன்னு அவனை அனுப்பிவிட்டேன். நாலாவது வருசந்தான் என் ரத்தம். எதுவும் மறக்கல. ஆளு வேற.”

அவள் கையிலிருந்த தம்ளர் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவள் சிரித்தாள்.

“தெரியும் பாய்.”

“எப்பத் தெரியும்?”

“மொத நாளே. மூஞ்சிய மூடி அனுப்புனீங்க. கையை மூடலையே.”

“எந்தக் கை?” என்றேன்.

“லிஸ்ட்டுல பதினேழு பீர் முகமது. எனக்கு முன்னால நீட்டுன கையில இம்புட்டுப் பெரிய சிலுவை. சிலுவைக்குக் கீழ இஞ்ஞாசியம்மாள். அதுக்கு மேலதான் கம்பவுண்டர் ஊசியக் குத்துனாரு.”

தினமும் பார்த்த கை. அதில் சிலுவை இருப்பது அன்றைக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை எங்க கோயில் பூசையில அதே கை நன்மை அப்பம் வாங்க வரிசையில நிக்குது. வெளிய வந்ததும் புடிச்சுக் கேட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டாரு. கஞ்சி, வடை வரைக்கும்.”

“அப்ப ஏன் மறுபடியும் அவங்கிட்ட எடுத்தீங்க?”

“எனக்கு வேண்டியது சுமை ஆள் ரத்தந்தான் பாய். உங்க முதலாளி தொடக்கூடாதுன்னுட்டாரு. நீங்களே ஒரு ஆளை அனுப்பி வச்சீங்க, வேணாம்பேனா? நாப்பது பேருலயும் அவரு ரத்தத்துலதான் எதிர்ப்புச் சக்தி குவிஞ்சு கெடந்துச்சு. உங்க ரத்தத்துல பேருக்குக்கூட இல்ல. நீங்க தோலத் தொட்டுப் பாத்தீங்க. அவரு சுமந்தாரு.”

பீரோவைத் திறந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். நான் நாலாவது வரைக்கும் படித்தவன். எண்ணும் தமிழும் தெரியும். நீல மையில் 17. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ரா’. மூன்று இடத்தில் அப்படி இருந்தது. நாலாவது இடத்தில் வெறும் 17.

“அந்த ஆஸ்பத்திரி டாக்டரு?” என்று கேட்டேன்.

“நான்தான் அனுப்புனேன். அவரு வந்ததுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை, ராயப்பராஜ் அண்ணன் கோயில்ல முன்னால முட்டி போட்டிருந்தாரு, துண்டு நழுவிப் பிடரியில கறுப்பு தெரிஞ்சுச்சு. ஞானஸ்நானப் பேரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.”

“பேப்பர்ல உடம்பு மறந்துபோச்சுன்னு போட்டிருக்கே?”

“பதினேழுல ரெண்டு பேருன்னு சொன்னேன். பேட்டி எடுத்த பையன் ஒரே ஆளாக்கிட்டான். திருத்தச் சொல்லி எழுதியிருக்கேன். நான் கண்டுபிடிச்சது நேர்மாறு பாய். நான் எங்க இருந்தாலும் கிறிஸ்துமசுக்கு வருவேன்ல, அப்ப ராயப்பராஜ் அண்ணன் வந்து கைய நீட்டுவாரு. சாகுறதுக்கு முந்தின வருசம் வரைக்கும் வந்தாரு. இருபது வருசம் கழிச்சும் அவரு உடம்பு அந்தக் கிருமிய மறக்கல. என் படிப்பெல்லாம் அந்த ஒரு கைதான்.”

நான் டீயை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

“எங்கிட்ட அவன் சொல்லவேயில்ல” என்றேன்.

“மொதல்ல கஞ்சி நின்னுடுமேன்னு பயந்தாரு. அப்புறம் ஒருநாள் சொன்னாரு. ‘நோன்பெல்லாம் சும்மாம்மா, பாய்க்கு ஊசின்னா பயம். நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூசிப்போவாரு. கேட்டுறாதீங்க.’ அதான் நானும் கேக்கல.”

ராயப்பனிடம் ஊசியைப் பற்றி நான் ஒரு நாளும் பேசியதில்லை.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் கையை நீட்டினேன். “இப்ப எடுங்க. மூணு குப்பி. மூணு வருசத்துக்கு.”

“எதுக்கு பாய்? வீட்டுல ஊசிகூடக் கெடையாது. அதெல்லாம் வேணாம்.”

வேண்டாமாம். உண்மையிலேயே அவள் கணக்குச் சரியாக இருந்தால், வந்த ரத்தத்தை ஏன் வேண்டாம் என்கிறாள்? நோட்டை மறுபடியும் இழுத்து, தோலைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் சாய்த்து அந்தச் சிவப்பு மையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். நீலம் வெளுத்திருந்தது. சிவப்பு வெளுக்கவில்லை.

“இது நல்லாப் புதுசா இருக்கே” என்றேன்.

“ரெண்டும் வேற வேற பேனா பாய்” என்று சிரித்தாள்.

எழுந்துவிட்டேன். கிழவன் மனது நோகக்கூடாது என்று ஒரு படித்த பெண் எதையும் சொல்வாள். என் கை நடுங்குவதை எண்பத்தொன்பதில் அவளே பக்கத்திலிருந்து பார்த்தாள், அதை வைத்து ஊசிப் பயம் என்று கட்டிவிடலாம். டாக்டர் ஜீப்பில் வந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வாசல் வரைக்கும் வந்தாள். “பாய், அடுத்த நோன்புக்கு எனக்கும் ஒரு தூக்குக் கஞ்சி குடுத்து விடுங்க” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

வெளியே ஷேர் ஆட்டோக்காரன் வண்டியை ஓரம் கட்டி, “பேகம்பூரா பெரியவரே?” என்று கேட்டான். இல்லை என்று கையாட்டிவிட்டு நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. சுருட்டின சட்டைக் கையை இறக்கிவிடவில்லை. பட்டைக் கட்டுமேல் என் பக்கத்தில் அத்தனை சாயங்காலம் உட்கார்ந்து, தன் பெண்டாட்டி தன்னை அடித்ததைக்கூட மறைக்காமல் சொன்னவன் ராயப்பன். அவன் வாயில் இருபது வருஷம் ஒரு சங்கதி நின்றதாம், அதுவும் என்னிடம். இவள் யாரிடம் கதை விடுகிறாள்?